நாலு பேர் அறைக்கு ஒரு லென்ஸ்

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தவர்கள் நாலு பேர். ஒருத்தி என் அக்கா. அவளுக்கு வலப்பக்கம் அவள் தெருக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள். எதிர்ப்பக்கம் கண் ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் ஆன அம்மா ஒருவர். அவருக்குப் பக்கத்தில் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து என்றால் பூச்சட்டிக்குள் போகிற வெடிமருந்து. அறைக்கு வெளியே, வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு ஓரடி பின்னால் ஃபோர்மேன் அண்ணாச்சி. ஆக மொத்தம் ஆறு பேர்.

இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று நடந்தது இந்த ஆறு பேரைத் தாண்டி வெளியே போகவில்லை. இப்போது கம்பெனி கைமாறிவிட்டது. அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். எழுதினால் யாருக்கும் வேலை போகாது என்று தோன்றுகிறது. அப்படியும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். அக்காவிடம் கேட்டதற்கு, "எழுதித் தொலை, உனக்கும் வேற சோலி என்ன இருக்கு" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் ஐந்து வருஷம் கேமரா இருட்டறையில் வேலை பார்த்தேன். பிறகு விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவுக்கு வந்தேன். ஸ்டுடியோ முதலாளி கடையை மூடும்போது எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். பணத்துக்குப் பதிலாக ஒரு பழைய ஜெர்மன் கேமராவைக் கையில் கொடுத்தார். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. லென்ஸ் வழியாகப் பார்க்கிற வகை இல்லை அது. தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் எதிரே நிற்கிற ஆள் இரண்டு இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். பேட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது. வெறும் கடிகாரச் சக்கரம் மாதிரி உள்ளே ஓடும். கல்யாண வீடுகளுக்கு ஆகாது. மூன்று வருஷம் பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடந்தது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. அக்கா வேலை பார்த்த கம்பெனி, சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற பக்கம் உள்ளே தள்ளி இருந்தது. அந்த முதலாளிக்கு அந்த வருஷம் ஒரு எண்ணம் வந்தது. வியாபாரிகளுக்குக் கொடுக்கிற காலண்டரில் சாமி படம் போட்டாயிற்று, குழந்தைப் படம் போட்டாயிற்று, அருவியும் போட்டாயிற்று. இந்தத் தடவை கம்பெனி ஆட்களின் முகத்தையே போடலாம் என்று சொன்னாராம். நாலு ஷீட் காலண்டர், நாலு முகம். வேலை செய்கிற இடத்திலேயே, வேலை செய்கிற மாதிரியே வேண்டும். அண்ணாச்சி இதை அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கையில் அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

"எந் தம்பி எடுப்பான் அண்ணாச்சி. அவன் கேமராவுல பேட்டரியே கெடயாது."

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்றால், பேட்டரிகூட இல்லாத டப்பாவைச் சம்பளம் என்று வாங்கி வந்தவன் என்று மூன்று வருஷமாக என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவளே அவள்தான். பேட்டரி இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆர்டர் எனக்கு வந்தது. நாலு படத்துக்கு நாலாயிரம் ரூபாய், ஃபிலிம் செலவு என்னுடையது. அக்கா தன் பேரைச் சொல்லி வாங்கிக் கொடுத்தது. நான் சொதப்பினால் அவளைத்தான் கேட்பார்கள். அவள் அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். 

கேமராவைக் காட்ட வரச் சொன்னார் அண்ணாச்சி. கேட்டில் வாட்ச்மேன் என் செருப்பைக் கழற்றச் சொன்னார், அதில் ஆணி இருக்கிறதாம். பெல்ட்டையும் கழற்றச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி கேமராவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அமுக்குனா உள்ள எதுவும் உரசுமா?"

"உள்ள திரை ஒண்ணு நகரும் அண்ணாச்சி. துணித் திரைதான். உரசாது."

"நீ சொல்லுவ. எனக்குத் தெரியணும்ல."

வாட்ச்மேன் ரூமுக்குள் என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். கும்மிருட்டு. அந்த இருட்டில் கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அமுக்கச் சொன்னார். பொறி பறக்கிறதா என்று பார்க்கிறார். நான் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அமுக்கினேன். பத்து தடவை, பதினைந்து தடவை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒரு தடவையாவது மின்னிவிடுமோ என்று. கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

"சரி. ஆனா அறைகிட்ட போகக்கூடாது. அந்த மணல் வாளி இருக்கு பாரு, அதுக்கு இங்கிட்டே நின்னுக்கோ. இருபதடி."

அங்கேதான் லென்ஸ் பிரச்சினை ஆரம்பித்தது. என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த சாதாரண ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். இருபதடியில் நின்று அதில் எடுத்தால் முகம் சுண்டைக்காய் அளவுக்கு வரும். கொஞ்சம் இழுத்துக் காட்டுகிற லென்ஸ் வேண்டும். முகம் எடுப்பதற்கென்றே எண்பத்தைந்திலும் தொண்ணூறிலும் லென்ஸ் உண்டு என்று பழைய முதலாளி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது கிடையாது.

விருதுநகர் பஜாரில் ஒரு பாய் வாட்ச் கடை வைத்திருந்தார். வாட்ச் என்று பேர்தானே தவிர, பழைய ரேடியோ, டேப், பைனாகுலர் எல்லாம் வரும். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவந்து போடுவார்கள். நான் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். பாய் லென்ஸ் திருகுகிற மறையைப் பார்த்துவிட்டு மேல்தட்டில் கைவிட்டு இரண்டு டப்பாக்களை இறக்கினார்.

"ரெண்டு இருக்கு தம்பி. ரெண்டும் உங்க கேமராவுல திருகிக்கும். இது ரஷ்யா, எண்பத்தஞ்சு. இது ஜெர்மனி, தொண்ணூறு. ரஷ்யா மூவாயிரத்து எரநூறு. ஜெர்மனி ஏழாயிரத்து நானூறு."

"ஏன் பாய் இம்புட்டு வித்தியாசம்?"

"ஊரு வித்தியாசம்தான். பொண்ணு பாக்க வந்த மாதிரி ரெண்டையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு நாள் வச்சுப் பாருங்க. பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்துருங்க. சீர்வரிசை கேக்கமாட்டேன்."

முன்பணம்கூட வாங்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பத்தாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சரக்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் நாலு தடவை பையைத் திறந்து பார்த்தேன்.

அந்த நாலு நாளும் நான் தூங்கியது குறைவு. ரஷ்ய லென்ஸ் குண்டாக, வெள்ளி நிறத்தில், ஒரு பெரிய கத்தரிக்காய் அளவுக்கு இருந்தது. கண்ணாடி அகலம். எஃப் இரண்டு. அதாவது வெளிச்சத்தை வாரி இழுக்கும். மோந்து பார்த்தால் பழைய கிரீஸ் வாசம். ஜெர்மன் லென்ஸ் ஒல்லி. கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து ஓரமெல்லாம் பித்தளை தெரிந்தது. திருப்பினால் வெண்ணெய் மாதிரிச் சுற்றும். ஆனால் எஃப் நாலு. ரஷ்யாவுக்கு வருகிற வெளிச்சத்தில் கால்வாசிதான் இதற்கு வரும். மருந்து அறைக்குள் லைட் கிடையாது, ஒயரே போகக்கூடாது. வாசல் வழியாக வருகிற வெளிச்சம் மட்டும்தான். ஃபிளாஷ் என்ற பேச்சையே எடுக்க முடியாது. கால்வாசி வெளிச்சத்தில் எடுத்தால் கை ஆடும், ஆள் ஆடும், படம் ஆடும்.

ஒரு நாள் ரஷ்யாதான் என்று முடிவு செய்து படுப்பேன். கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதோ என்று எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். பூஞ்சை இருக்காது. அப்படியானால் ஏன் இவ்வளவு மலிவு என்று யோசனை வரும். ஜெர்மனி என்று முடிவு செய்தால் ஏழாயிரத்து நானூறுக்கு எங்கே போவது என்று வரும். என் வீட்டுக்காரி, "ரெண்டுல ஒண்ணைத் தொட்டுட்டு லைட்டை அமத்துங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு ஃபிலிம் ரோல் போட்டுச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சூலக்கரைக்குப் போனேன். கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு போர்டு, அதில் பொடி எழுத்து நிறைய இருக்கும். போர்டிலிருந்து காலால் அளந்து சரியாக இருபதடியில் நின்றேன். அண்ணாச்சி சொன்ன இருபதடி. இரண்டு லென்ஸிலும் மாற்றி மாற்றி எடுத்தேன். மனு கொடுக்க வந்தவர்கள், போர்டை எதற்கு இவன் இப்படி எடுக்கிறான் என்று பார்த்தார்கள். ஒருவர் வந்து, "சர்வேயா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பிரிண்ட் வந்தது. வெறும் கண்ணால் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரஷ்யாவிலும் எழுத்து தெளிவு, ஜெர்மனியிலும் எழுத்து தெளிவு. ஒரு மாற்றுக்குறைவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் பாய் கடைக்குப் போய் மூவாயிரத்து இருநூறை எண்ணி வைத்தேன். அது என்னிடம் இருந்த மொத்தம். தொண்ணூறைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் அதைத் துடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டே, "நல்லாப் பாத்தீகளா?" என்றார். "இருபதடியில பாத்துட்டேன் பாய்" என்றேன். தலையாட்டினார்.

படம் எடுக்கிற நாள். காலையில் எட்டு மணி வெயில், அறை வாசல் கிழக்கே பார்த்தது. நான் மணல் வாளிக்கு இந்தப் பக்கம் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். அந்த நேரம் காலிச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு கட்டை வண்டி ஒன்று எனக்கு நேர் முன்னால் வந்து நின்றது. வண்டிப் பாதை அது. அது போனால் இன்னொன்று வருகிறது. சீசன் நேரம், லோடு நிற்காது. அக்கா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அவன் அங்கன நின்னா பொழுது சாயுற மட்டும் வண்டியத்தான் எடுப்பான். வாசப்படிகிட்ட வரட்டுமே. உள்ள வரலைல்ல."

அண்ணாச்சி யோசித்தார். என் கையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு, "படியைத் தாண்டக்கூடாது. நானும் பக்கத்துல நிக்கேன்" என்றார்.

இருபதடி ஆறடி ஆயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆறடியில் முகம் நன்றாகப் பெரிதாக வரும். கூடவே இரண்டு கையும் மடியும் மருந்துச் சட்டியும் வரும், வேலை செய்கிற மாதிரியும் இருக்கும். ஜன்னலில் அக்காவின் கண் இரண்டாகத் தெரிந்தது. திருப்பினேன். நான்கு கண்ணும் இரண்டு கண்ணாயின. அமுக்கினேன்.

அன்று முழுக்க அண்ணாச்சி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை நான் அமுக்கும்போதும் அவருக்குக் கண் சிமிட்டியது. கேமரா பொறி கக்கிவிடுமோ என்பதுதான் அவர் கவலை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களை அவர் பார்க்கவே இல்லை.

"கொழுந்தனாரே, என்னைச் செவப்பா எடுங்க" என்றாள் அக்காவின் தெருக்காரி, எனக்கு மதினி முறை.

"அலுமினியப் பவுடரைப் பூசிட்டு ஒக்காந்திருக்க. வெள்ளியாத்தான் வருவ" என்றாள் அக்கா.

ஒரு ரோல் முடிந்தது. முப்பத்தாறு படம்.

இரண்டு நாள் கழித்துப் பிரிண்ட் வந்தது. லேப் வாசலிலேயே கவரைப் பிரித்தேன். முதல் படத்தைப் பார்த்ததும் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன். முகம் மெத்தென்று இருக்கிறது, ஈரத்துணி வழியாகப் பார்க்கிற மாதிரி. அடுத்த படமும் அப்படித்தான். முப்பத்தாறும் அப்படித்தான். ஆனால் மங்கல் என்று சொல்லவும் முடியாது. முகத்துக்கு ஒரு சாண் முன்னால், மடியும் சட்டியும் விரலும் அப்படி ஒரு துல்லியம். நகக்கண்ணில் ஏறியிருந்த மருந்தை எண்ணலாம். கண்ணில் வைத்த ஃபோகஸ் மடியில் போய் விழுந்திருக்கிறது.

அந்தத் துல்லியத்தில்தான் அதைப் பார்த்தேன். அக்காவின் கம்பெனி மேல்கோட்டு பருத்தி. கோட்டு முடிகிற இடத்தில், மடியில், சேலை தெரிந்தது. சின்னச் சின்ன ஊதாப் பூ. தூரத்துக்குக் காட்டன் மாதிரித்தான் இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் மினுங்கும். பூனம் சேலை. நூலே கிடையாது, முழுக்கச் செயற்கை. நான் போன தீபாவளிக்கு அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. அதனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மருந்து அறைக்குள் பருத்தி தவிர வேறு கட்டக்கூடாது. அந்தச் சேலை உரசினால் பொறி வரும். இருட்டில் உதறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி என் கேமராவை இருட்டறைக்குள் கொண்டுபோய்த் தேடினாரே, அந்தப் பொறி.

லேப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே, ஒரு சட்டி மருந்து நடுவில். எதுவும் நடக்கவில்லை என்பது தெரிந்தும் அந்த ஆறு பேரை மறுபடி மறுபடி எண்ணினேன். இன்றைக்கும் அந்தக் காலை வெயிலை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊதாப் பூதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலை முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். அவள் மடியைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தானலே இருக்கு."

"அக்கா, கீழ பாரு. என்ன சேலை இது?"

பார்த்தாள். சேலை தெரிந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள். பிறகு மெதுவாக, "காலண்டர்ல வருமேன்னு கட்டுனேன். கோட்டு மறைச்சிரும்னு நெனச்சேன். நீ வாங்கிக் குடுத்ததுதானலே" என்றாள்.

"செத்திருப்போம்க்கா."

"தெரியும்லே. இருபத்தி ரெண்டு வருசமா தெரியும். அன்னைக்குத்தான் மறந்துட்டேன்." படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மொதலாளி இதைப் பாத்தா என்னை நாளைக்கே நிப்பாட்டிருவாக. காலண்டரு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும்" என்றாள்.

அந்தச் சேலையை அப்போதே மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டாள். அதற்கப்புறம் வேலைக்குப் போகாத நாளில்கூட அவள் அதைக் கட்டி நான் பார்க்கவில்லை.

முதலாளி கேட்டிருந்தது திங்கட்கிழமை. அதற்குள் வேறு படம் எடுக்க வேண்டும். அதற்கு அண்ணாச்சி மறுபடி உள்ளே விட வேண்டும். படத்தைக் காட்டாமல் அவர் விடமாட்டார். மறுநாள் காலை கேட்டிலேயே அவர் கையில் கொடுத்தேன். மேலே இருந்த படம் அக்காவுடையது. வேண்டுமென்று வைக்கவில்லை. அடியில் வைக்கவேண்டும் என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தேன், கை மாறிவிட்டது.

"முகத்தை எடுக்கச் சொன்னா சட்டிய எடுத்திருக்க" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வாட்ச்மேனைத் தள்ளிப் போகச் சொன்னார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

படங்களை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"ஃபிலிமு?"

"வீட்ல இருக்கு அண்ணாச்சி."

"எரிச்சிரு. இங்கன வந்து எரிச்சிராத." அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை காலைல வா. ஒரு மணி நேரந்தான். அந்த லென்ஸு வேண்டாம். முகம் தெரியுற லென்ஸா கொண்டா. இல்லைன்னா உங்கக்காளுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாய் கடைக்கு ஓடினேன். விஷயத்தில் சேலையை விட்டுவிட்டு, ஃபோகஸ் முன்னால் விழுகிறது என்று மட்டும் சொன்னேன். பாய் ரஷ்ய லென்ஸைக் கையில் வாங்கி, பின்பக்கத்து வளையத்தை விரலால் தடவினார்.

"ரஷ்யாக்காரன் அளவு வேற தம்பி, ஜெர்மன்காரன் அளவு வேற. மறை ஒண்ணுதான். ஆனா இந்த வளையம் கேமராவைத் தள்ளுற தள்ளு வித்தியாசப்படும். தூரத்துல தெரியாது. கிட்டப் போகப் போகத் தெரியும். அவன் லென்ஸை அவன் கேமராவுல மாட்டுனா சரியாத்தான் இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லலை?"

"நல்லாப் பாத்தீகளான்னு கேட்டேன். இருபதடியில பாத்தேன்னீக. இருபதடியில இதுல ஒரு குத்தமும் இல்லையே. ஆறடின்னு சொன்னீகளா?"

சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் அதை அதே மூவாயிரத்து இருநூறுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். தொண்ணூறுக்கு மீதி நாலாயிரத்து இருநூறு. சீர்வரிசை கேட்கமாட்டேன் என்றவர்தான், ஆனால் அதைக் கடனாகக் கொடுக்க அவருக்கு வழி இல்லை. லென்ஸை விற்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு அவர் அந்த வாரமே பணம் தர வேண்டியிருந்தது. வேண்டுமென்றால் சனிக்கிழமைக்கு மட்டும் வாடகைக்குக் கொடுங்கள் என்றேன். "வெடி போடுற எடத்துக்கு வாடகைக்கா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

என்னிடம் இருந்தது அறுபது ரூபாய். வீட்டுக்காரியிடம் கேட்க வாய் வரவில்லை. ராத்திரி அக்கா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றேன். சொன்னேன். அவள் உள்ளே போய் சீட்டுப் பணத்தை எடுத்து வந்தாள். மகள் சடங்குக்கென்று சேர்த்தது. எச்சில் தொட்டு எண்ணினாள்.

"திருப்பித் தந்திருதேன்க்கா. ஆர்டர் பணம் வரவும் தந்திருதேன்."

"ஆர்டர் பணத்துல உனக்கு ஃபிலிமு இருக்கு, வீட்டு வாடகை இருக்கு. வாயால தராத. அந்த லென்ஸை விக்கும்போது குடு. படம் எடுத்துட்டா அதை வச்சு நீ என்ன கண்ணு பரிசோதனையா பண்ணப்போற?"

"ஒன் சேலையால வந்த வெனை" என்று வாய்க்குள் சொன்னேன். காதில் விழுந்துவிட்டது.

"வாங்கிக் குடுத்தவன் யாருலே?"

சனிக்கிழமை. அதே வாசல், அதே நாலு பேர், அதே ஆறடி. அண்ணாச்சி அன்றைக்கு என் விரலைப் பார்க்கவில்லை. நாலு பேரையும் தலையிலிருந்து கால் வரை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோட்டு நுனியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மருந்தை வெளியே எடுத்துவிட்டு வெறும் சட்டியை வைக்கச் சொன்னார். அக்கா தினமும் கட்டுகிற வெளுத்த காட்டன் சேலையில் இருந்தாள். எதற்கு இவ்வளவு சோதனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கே பார்த்திருப்பார்கள், பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெர்மன் லென்ஸில் வெளிச்சம் கால்வாசி. இரும்பு ஸ்டாண்ட் கொண்டுபோக விடமாட்டார்கள். நிலைக்கல்லில் தோளைச் சாய்த்துக்கொண்டேன்.

"நான் சொல்லும்போது மூச்சைப் பிடிச்சுக்கங்க. ஆடக்கூடாது."

"இங்கன மூச்சு விட்டா மருந்து பறக்கும் கொழுந்தனாரே. பிடிச்சே பழக்கம்" என்றாள் தெருக்காரி. அது உண்மைதான். அந்த நாலு பேரும் ஆடாமல் இருந்த மாதிரி கல்யாண வீட்டில் ஒரு மாப்பிள்ளைகூட ஆடாமல் இருந்ததில்லை. ஆடியது நான் மட்டும்தான். முப்பத்தாறில் பத்து படம் என் கை நடுக்கத்தில் போயிற்று. மீதி இருபத்தாறும் முகத்தில் விழுந்திருந்தன.

திங்கட்கிழமை முதலாளி பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றாராம். காலண்டர் அச்சானது. அக்கா முதல் ஷீட்டில் இருந்தாள், தை முதல் பங்குனி வரைக்கும். ஜெர்மன் லென்ஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. கண்ணோரத்துச் சுருக்கம், சுருக்கத்துக்குள் ஏறியிருந்த வெள்ளிப் பொடி, மேல் உதட்டுத் தழும்பு எல்லாம் வந்திருந்தது. சாத்தூரில் ஒரு மளிகைக் கடையில் அது தொங்கியதைப் பார்த்துவிட்டு அக்கா இன்னொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டாள் என்று தெருக்காரி சொன்னாள்.

சம்பளம் நிற்கவில்லை. அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே அக்காவை மருந்து அறையிலிருந்து லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றினார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. லேபிளுக்குக் கூலி குறைவு. அந்த சீசன் முழுக்க அவள் தினம் முப்பது ரூபாய் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "கையாவது வெள்ளையா இருக்குலே" என்று சொல்வாள். பசையில் விரல் நுனி வெடித்திருக்கும்.

ஃபிலிமை எரித்துவிட்டாயா என்று அண்ணாச்சி கேட்டபோது, எரித்துவிட்டேன் என்றேன். பாதி பொய். ஒரே ஒரு நெகட்டிவை வெட்டி வைத்திருந்தேன். அக்கா கேட்டாள். அந்த ரஷ்யா எடுத்தது வேண்டும் என்றாள். மடி வராமல் கழுத்துக்கு மேலே மட்டும், பாஸ்போர்ட் சைஸில், ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறாள். மங்கலான முகம்தான். அதுதான் தன் முகம் என்கிறாள். மற்றது காலண்டருக்கு எடுத்ததாம்.

ஆர்டர் பணம் நாலாயிரமும் இரண்டு தவணையாக வந்தது. அக்கா சொன்ன மாதிரியே ஃபிலிமுக்கும் வாடகைக்கும் கரைந்தது. இரண்டு வருஷத்தில் ஊரெல்லாம் டிஜிட்டல் ஆயிற்று. பாய் ஒரு தடவை தொண்ணூறை ஐயாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்திருந்தால் அன்றே கணக்குத் தீர்ந்திருக்கும். கடை வரைக்கும் கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்தேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு, விலை இன்னும் ஏறும் என்றேன். ஏறவில்லை. நான் ஏறும் என்று நினைக்கவும் இல்லை.

இப்போதும் விசேஷ வீட்டில் பார்த்தால் அக்கா கேட்பாள்.

"அந்தக் கண்ணாடியை வித்துட்டியாலே?"

"இல்லக்கா."

"அப்ப நாலாயிரத்து எரநூறு."